இரண்டாம் பிரதி

ஒரு காரியாலயத்தின் ஆயுள் அதன் கட்டடத்திலோ முதலாளியின் மூலதனத்திலோ மட்டுமன்று, அங்கே எழுதப்பட்ட காகிதங்களிலும் அடங்கியிருக்கிறது என்னும் உண்மையைச் சென்னை ஜார்ஜ் கோட்டையில் வியாபாரம் நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனியார் நன்றாக உணர்ந்திருந்தனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்து போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல் பிடித்த அக்காலத்தில், புயலிலோ பகைவர் கையிலோ ஒரு கப்பல் அகப்பட்டுவிட்டால் ஒரு வருஷத்துக் கணக்கே அழிந்துபோகுமாதலால், ஒரே கடிதத்துக்குப் பல பிரதிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவதை அவர்கள் சம்பிரதாயமாகவே கொண்டிருந்தார்கள். சபை நடவடிக்கைகளைப் பதிந்த குறிப்புப் புத்தகங்களுக்கும் நகல் எடுக்கப்பட்டு, அவை லண்டன் இயக்குநர்களின் பார்வைக்குச் சென்றன.

இந்த ஓயாத எழுத்து வேலை, கம்பெனி உத்தியோகங்களில் கடைசிப் படியில் இருந்த 'ரைட்டர்'களின் தலையில் விழுந்தது. 1744-இல் சென்னையில் வந்திறங்கிய ராபர்ட் கிளைவும் அவ்வாறு ஒரு ரைட்டராகவே ஜீவிதத்தைத் தொடங்கியவர். இரண்டு வருஷத்துக்குள், 1746 செப்டம்பரில், பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்ற, 1749 வரை அது அவர்கள் வசமே இருந்தது. இத்தகைய விபரீதங்களில் உள்ளூர்ப் பெட்டியில் இருக்கும் காகிதத்துக்கு என்ன ஜாமீன்? சென்னை ஆவணக் காப்பகத்தில் இன்றுள்ள கோட்டை ஆவணங்கள் 1670-ஐ ஒட்டியே தொடங்க, அதற்கு முந்தைய முப்பது வருஷத்துச் சரித்திரத்தை நாம் அறிவது பெரும்பாலும் லண்டனுக்குப் போன கடிதங்களால்தான்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த தினசரிக் குறிப்பு, 1761-இல் அவர் காலமாகி, ஆங்கிலேயர் அந்நகரை இடித்துத் தள்ளிய பிறகும், குடும்பத்தார் வீட்டில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1846-இல் அதைக் கண்டறிந்த கல்லுவா மோம்பிரோன் என்பவர் அதற்கு நகல் எடுத்தார். ஏரியேல் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த நகல் பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. மூல ஏடு ஒன்றையே நம்பி அவர்கள் வாளாவிருந்திருந்தால், அந்த அரிய நூல் கறையானின் தயவையே எதிர்பார்த்துக் கிடந்திருக்கும்.

யந்திரங்கள் வந்தபின் நகல் எடுக்கும் சிரமம் குறைந்தது. 1780-இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற அழுத்தப் பொறியில், விசேஷ மையால் எழுதிய கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால், தாளின் மறுபுறத்தில் எழுத்து நேராகத் தெரியும். 1806-இல் ரால்ப் வெட்ஜ்வுட் காப்புரிமை பெற்ற கார்பன் தாள், பின்னால் தட்டச்சுப் பொறியுடன் கைகோத்துச் சின்னஞ்சிறு வக்கீல் ஆபீஸ் வரையில் பரவியது. கடைசித் தாளிலும் எழுத்து விழவேண்டுமென்று விரல் நோக ஓங்கித் தட்டுவதும், ஒரு பிழை நேர்ந்தால் மை படியாதபடி துண்டுக் காகிதத்தை இடையில் செருகி ஒவ்வொரு தாளையும் தனித்தனியே அழிப்பதும் தட்டெழுத்தாளர் அனைவரும் கண்ட அனுபவம்.

ஆனால் இந்தச் சௌகரியம் ஒரு அலட்சியத்தையும் கூடவே கொண்டுவந்தது. ரைட்டர்களின் பிரதி கடல் கடந்தது. கார்பன் தாளில் எடுத்த 'ஆபீஸ் காபி'யோ மூலம் இருந்த அதே பீரோவில், அதே கட்டில் அடங்கிக் கிடந்தது. வெளியே போன கடிதத்துக்கு அது சாட்சியாயிற்றே தவிர, தீக்கோ வெள்ளத்துக்கோ தப்பும் காவலாகவில்லை.

கணக்கும் கடிதமும் கணினிக்குள் புகுந்துவிட்ட இக்காலத்துச் சிறு ஸ்தாபனங்களும் இந்தத் தவற்றையே செய்கின்றன. நகலை அதே கணினியில் இன்னொரு கோப்புறையில் வைத்துவிட்டு நிம்மதி கொள்கிறார்கள். இதைத் திருத்திக்கொள்ளப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்று ஆபீஸில் நகல் எடுத்துக்கொண்டிருக்க மற்றொன்றை முதலாளி வீட்டில் வைத்து, வாரந்தோறும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் வரையில் அது எந்தக் கணினியோடும் இணையாதிருப்பதால் அப்போது வைரஸும் அதைத் தீண்டாது. மாதம் ஒரு முறை ஏதேனும் ஒரு பழைய கோப்பை அதிலிருந்து திறந்து பார்த்துவிடவும் வேண்டும். படிக்க முடியாத பிரதி பிரதியே அன்று. லண்டனுக்குப் போன புத்தகங்களை இயக்குநர்கள் பிரித்துப் படித்துக் குறைகளைக் கண்டித்து எழுதினார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.