ஜவ்வாது மலையில் ஒரு விருந்து

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்தார். "ஐரோப்பா போய் வந்தியே, அங்க பார்த்த ஊரு, சாப்பாடு பத்தி ஒரு கட்டுரை குடுப்பா" என்றார். சரியென்று உட்கார்ந்தேன். இத்தாலியில் ஆரம்பித்த பேனா ஜமுனாமரத்தூரில் போய் நின்றுவிட்டது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கம்பெனி வேலையாக ஜெர்மனியில் சில மாதங்கள் இருந்தபோது, விடுமுறையில் பார்மா நகரத்துக்குப் போனேன். அங்கே செய்யும் 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ' சீஸ் உலகப் பிரசித்தம். வண்டிச் சக்கரம் போல் ஒவ்வொன்றும் நாற்பது கிலோ வரும். குறைந்தது 12 மாதம் அலமாரியில் பழுக்க வேண்டும். பார்மாவும் அக்கம்பக்கத்துச் சில மாவட்டங்களும் தவிர வேறெங்கு செய்தாலும் அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது. 1996-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த பாதுகாப்பு அது. சுற்றிக் காட்டிய பெண், 14-ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ எழுதிய 'டெகமரான்' கதைகளிலேயே இந்தச் சீஸ் வருகிறது என்று பெருமையாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி அப்படிப் பழைய நூல் உண்டா?" என்று கேட்டார். நான் அசடு வழிந்தேன். பிரியாணி என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

நூல் இருக்கிறது. பள்ளியில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்த பத்துப்பாட்டில் பத்தாவது, மலைபடுகடாம். 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. 1889-ல் உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்த பிறகுதான் ஊரறியக் கிடைத்தது. டெகமரானைவிட இது ஆயிரம் வருடமாவது மூத்தது. ஊர் திரும்பிய பிறகு உரையோடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மெதுவாகப் படித்தேன்.

நன்னன் என்ற வேளிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். போக வேண்டிய ஊர் செங்கண்மா. அதாவது நம் செங்கம்! கூடவே ஓடும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக வரும் செய்யாறு. பாட்டில் வரும் நவிர மலையைப் பர்வதமலை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

எஞ்சினியர் கண்ணுக்கு அது ஒரு சுத்தமான ரூட் மேப். பன்றிக்கு வைத்த கற்பொறி வழியில் இருக்கும், விடிந்த பிறகு நடங்கள். புனம் காப்பவர்கள் யானை மேல் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் போங்கள். பெயர் பொறித்த நடுகற்கள் வரும், யாழ் வாசித்து வணங்கிவிட்டுப் போங்கள். (இந்த நடுகல் சமாச்சாரம் கவிஞரின் கற்பனை இல்லை. தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே போட்டிருக்கிறது.)

ஆனால் எனக்குப் பிடித்தது சாப்பாட்டு இடங்கள்தான். மலைச் சிற்றூரில் நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச் சோறும் கிடைக்கும். இன்னும் மேலே போனால், பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் உலையாக, அதில் மூங்கிலரிசிச் சோறு. மலை இறங்கினால் அவரையும் அரிசியும் சேர்ந்த புளிங்கூழ். வந்தவன் யார், எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. சொந்த வீட்டுக்குள் போவது போல் போகலாம் என்கிறான் கூத்தன்.

இதைப் படிக்கும்போதுதான் 2009 என்.எஸ்.எஸ். முகாம் நினைவுக்கு வந்து சுருக்கென்றது. ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மலைக் கிராமம். ஏழு நாளும் பள்ளிக்கூடத்தில்தான் படுக்கை. அரிசி, பருப்பு, அப்பளம் வரை கீழேயிருந்து வேனில் ஏற்றிப் போயிருந்தோம். ஆறாவது நாள் ஓர் ஆயா, "ஒரு வேளையாச்சும் எங்க வீட்ல சாப்பிடுங்க கண்ணு" என்று எங்கள் பேட்ச் ஆறு பேரைக் கூப்பிட்டது. சாமைச் சோறு, புளி ஊற்றிய மொச்சைக் குழம்பு. சாமை என்றால் லேசு இல்லை. கடுகளவு தானியம். உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, ஆறு பேருக்கு உமி போக்க அந்த அம்மாவுக்கு அரை நாள் ஆகியிருக்கும். நாங்கள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒருவரையொருவர் பார்த்து, வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டோம். இலைகளை ஆயாதான் எடுத்தது. இந்த மலரைப் படிக்கும் மற்ற ஐந்து பேருக்கும் அது ஞாபகம் இருக்கும்.

மலைபடுகடாம் பாடிய குறவர்கள் வேறு, இன்று மலையில் இருக்கும் மலையாளி மக்கள் வேறாக இருக்கலாம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது இவர்களுடைய வழிவழிக் கதை. ஆனால் மொச்சையும் அவரையும் தாவரவியல்படி ஒரே இனம். மலைத் தானியம், அவரை, புளி. ஆயா வைத்த இலையில் ஏறக்குறைய பாட்டின் பட்டியலே இருந்தது.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. திருவண்ணாமலை பக்கம் அத்தியந்தல் ஆராய்ச்சி மையம் 2019-லேயே ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டிருந்தது. சென்னை சூப்பர் மார்க்கெட்டில் அரைக் கிலோ பாக்கெட்டைப் பார்த்த அன்றே மலைக்குக் கிளம்பினேன்.

ஆயா இல்லை. மருமகள் அடையாளம் தெரியாமலே உட்காரச் சொல்லி, வெள்ளை வெளேரென்று ரேஷன் அரிசிச் சோறு போட்டார். "சாமை இல்லையாக்கா?" என்றேன். சிரித்துவிட்டார்.

"இருக்குது சார். அது எங்க சாப்பாடு, உங்களுக்கு ஒத்துக்காது. முன்னே ஒரு தபா காலேஜ் புள்ளைங்க வந்தாங்க, எங்க மாமியா ஆசையா ஆக்கிப் போட்டுச்சு. பாவம், வயித்து நோவு வந்துடுச்சு. அதுலேர்ந்து கீழேர்ந்து வர்றவங்களுக்கு நாங்க அரிசிதான் ஆக்குறது."

அந்தப் புள்ளைகளில் ஒருவன் நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து போய் அடுப்பில் உலை வைத்தார். மூன்று மணிக்குத்தான் சாப்பாடு. இந்த முறை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.