‘பெண்களுக்கு மட்டும்’

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பஸ் என்றொரு சிறு நகரம். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்சிங் மேற்பார்வையாளராக வேலை பார்த்துவந்த ஜோ ஹோகன், 1979இல் உள்ளூரிலேயே இருந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தார். அவர் ஏற்கெனவே பதிவுபெற்ற நர்ஸ். பட்டம்தான் இல்லை. அது கிடைத்தால் சம்பளம் உயரும், மயக்க மருந்து கொடுக்கும் சிறப்புப் பயிற்சியிலும் சேரலாம். தகுதியில் குறை ஏதும் இல்லை. ஆனாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் ஆண், அது மிசிசிப்பி பெண்கள் பல்கலைக்கழகம் என்பதே காரணம். வேண்டுமானால் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கலாம், பட்டம் கிடையாது என்றார்கள். பட்டம் தரும் அடுத்த அரசு நர்சிங் கல்லூரிக்குப் போக அவர் சுமார் 150 மைல் பயணம் செய்ய வேண்டும்.

பெண்ணிய வரலாற்றில் ஓர் ஆணின் விண்ணப்பத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நிராகரிக்கப்பட்ட பெண்களின் விண்ணப்பங்களே கணக்கில்லாமல் கிடக்கின்றனவே! நியாயமான கேள்விதான். ஆனால், ‘பெண்களுக்கு மட்டும்’ என்ற பலகை எப்போது நமக்குக் காவல், எப்போது வேலி என்று பிரித்தறிய இந்த வழக்கைப்போல் உதவுவது வேறொன்றை நான் படித்ததில்லை.

முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கதை. 1884இல் அது தொடங்கப்பட்டபோது, மிசிசிப்பியின் ‘வெள்ளையினப் பெண்களுக்கான’ தொழிற்கல்வி நிறுவனம் என்றே பெயர் வைத்தார்கள். பெண்களுக்கென்று அரசு நடத்திய கல்லூரிகளில் அமெரிக்காவில் இதுவே முதலாவது. பெருமைதான். ஆனால் அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு கதவு திறக்கிறது, இன்னொன்று அடைபடுகிறது. கறுப்பினப் பெண்கள் அங்கே காலடி வைக்க 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘பெண்கள்’ என்ற சொல்லில் எந்தப் பெண்கள் இருக்கிறார்கள் என்ற கேள்வியை அதன் தொடக்கமே நம் கையில் கொடுத்துவிடுகிறது.

அங்கே நர்சிங் பள்ளி 1971இல் வந்தது. நான்காண்டுப் பட்டப்படிப்பு 1974இல் சேர்ந்தது. அதற்கு வெகு காலம் முன்பே நர்சிங் ‘பெண்கள் வேலை’ ஆகியிருந்தது. 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கு மதிப்புமிக்க ஒரு தொழிலைத் தந்தது. கூடவே அந்தத் தொழிலைப் பெண்ணின் இயல்போடு சேர்த்துக் கட்டியும் வைத்தது. அதே காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களின் படுக்கையருகே உட்கார்ந்து பணிவிடை செய்தவர்களில் ஒருவர், நம் பாரதி வியந்து எழுதிய கவிஞர் வால்ட் விட்மன். அந்த நினைவையெல்லாம் நிறுவனங்கள் துடைத்துவிட்டன. அமெரிக்க ராணுவத்தின் நர்சிங் பிரிவு 1901இல் பெண்களுக்கென்றே அமைக்கப்பட்டது. ஆண்களுக்கு அதில் இடம் கிடைத்தது 1955இல்தான்.

ஹோகன் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் ஹோகன் வென்றார். மாநில அரசு விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1982 ஜூலை 1ஆம் தேதி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஹோகனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் சாண்ட்ரா டே ஓ’கானர். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண். பதவியேற்று ஓராண்டுகூட ஆகவில்லை. 1952இல் சட்டம் படித்து முடித்து வேலை தேடியபோது, ஒரு சட்ட நிறுவனம் அவருக்குச் செயலாளர் வேலை தருவதாகச் சொன்னது. எந்த வேலை பெண்ணுக்கு உரியது என்று பிறர் முடிவுசெய்வதன் அர்த்தம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

மாநில அரசு வைத்த வாதம் நமக்குப் பழக்கமானது: பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு இது ஈடு. இடஒதுக்கீட்டின் மொழி! ஓ’கானர் அந்தக் கொள்கையை மறுக்கவில்லை. கேள்வியைத்தான் கூர்மையாக்கினார். எந்தத் துறையில் இடம் ஒதுக்குகிறீர்களோ, அந்தத் துறையில் பெண்களுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்ததா? அந்த நர்சிங் பள்ளி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1970இல், மிசிசிப்பியில் நர்சிங் பட்டம் பெற்றவர்களில் 94 சதவீதம் பெண்கள். நாடு முழுவதிலும் 98.6 சதவீதம். பூட்டப்படாத கதவுக்கு எதற்குச் சாவி? இந்த ஏற்பாடு ஈடு செய்யவில்லை. நர்சிங் என்றால் பெண்கள் வேலை என்ற பழைய எண்ணத்தையே நிலைநிறுத்துகிறது என்றார். ஆண்களை ஒதுக்கியதால் நர்சுகளின் சம்பளமே தாழ்ந்துபோனது என்று அமெரிக்க நர்சுகள் சங்கத்தினர் சொல்லிவந்ததையும் அடிக்குறிப்பில் சேர்த்தார்.

அந்த அடிக்குறிப்பில்தான் எனக்கு இந்த வழக்கின் உயிர் இருக்கிறது. ஒரு தொழிலைப் பெண்ணின் இயல்பு என்று சொல்லிவிட்டால், இயல்புக்கு யார் கூலி கொடுப்பார்கள்? தமிழ் படித்தவளாக இதை நான் ஒரு சொல்லில் பார்க்கிறேன். நர்ஸ் என்பதற்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் ‘செவிலி’. சங்க அகப்பாடல்களில் அவள் வளர்ப்புத் தாய். தலைவி உடன்போனபின் தேடிப் புலம்புகிறவள். அழகான சொல்தான். ஆனால் வெண்ணிறச் சீருடையில் இரவுப்பணி பார்க்கும் ஒருத்தியை அந்தச் சொல்லால் அழைக்கும்போது அவளிடம் தாய்மையையும் சேர்த்தே கேட்கிறோம். ஊதிய உயர்வு வேண்டும் என்று அவள் தெருவில் உட்கார்ந்தால், ‘சேவை செய்ய வந்தவங்க இப்படிப் பண்ணலாமா?’ என்று கேட்க நமக்கு நா எழுவது அதனால்தான். ‘பொம்பளப் புள்ளைக்கு ஏத்த படிப்பு’ என்று சொல்லி மகளை நர்சிங்கிற்கு விண்ணப்பிக்க வைக்கும் வீடு, அவள் மதிப்பெண்ணையும் விருப்பத்தையும் அதற்குப் பிறகே கேட்கிறது.

தீர்ப்பை மறுத்த நால்வரையும் நான் எளிதில் தள்ளிவிடுவதில்லை. பெண்கள் தங்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் வழி அடைபடுமே என்பது நீதிபதி பவலின் கவலை. நானும் மகளிர் கல்லூரி ஒன்றில்தான் கற்பிக்கிறேன். பெயரில் ‘மகளிர்’ இருப்பதாலேயே வீட்டைத் தாண்டிப் படிக்க அனுப்பப்பட்ட பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பலகை இன்றைக்கும் தேவை. ஆனால் அது அவர்களை இதுவரை போகாத இடத்துக்குக் கொண்டுபோகிறது. மிசிசிப்பியின் பலகையோ, பெண்களை ஏற்கெனவே உட்காரவைத்த நாற்காலியிலேயே மறுபடி உட்காரவைத்தது. ஓ’கானரும் தீர்ப்பை அந்த நர்சிங் பள்ளியோடு நிறுத்திக்கொண்டார். எல்லா மகளிர் கல்லூரிகளைப் பற்றியும் பேசவில்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1839 முதல் ஆண்களை மட்டுமே சேர்த்துவந்த வர்ஜீனியா ராணுவக் கல்லூரியின் கதவை 1996இல் உச்ச நீதிமன்றம் பெண்களுக்குத் திறந்துவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஊன்றிக்கொண்ட கோல், ஹோகன் வழக்கு. பாலினத்தைக் காட்டி ஒருவரை வெளியே நிறுத்த வேண்டுமானால் அதற்கு மிக வலுவான நியாயம் சொல்ல வேண்டும் என்ற அளவுகோல் அதில் இருந்தது. ஒரு நர்சின் விண்ணப்பத்துக்காக எழுதப்பட்ட வாக்கியங்கள், பதினான்கு ஆண்டுகள் கழித்து, துப்பாக்கி ஏந்தக் கற்க விரும்பிய பெண்களுக்குப் பயன்பட்டன. மிசிசிப்பி பெண்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இன்றும் அதேதான். உள்ளே ஆண்களும் படிக்கிறார்கள்.