ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியவர்கள்

புலம்பெயர்ந்த தமிழ் இளையோரின் அடையாளம், அவர்கள் மனத்துயர், அவர்கள் தமக்கென அமைத்துக்கொள்ளும் சமூகம் ஆகியவை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் நினைவு இரண்டு இடங்களுக்கே செல்கிறது. ஒன்று, 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறிய தலைமுறை. மற்றொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய கூலித் தலைமுறை. இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்னரே, சோழமண்டலக் கரையிலிருந்து ஒரு பெருங்கூட்டம் கடல்கடந்தது. அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள், சிறுவர்கள். அவர்கள் விரும்பிப் போகவில்லை, விற்கப்பட்டுப் போனார்கள். அவர்கள் புறப்பட்ட துறைகளுள் முதன்மையானது பழவேற்காடு.

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று பாடநூல்களில் நாம் படித்த அதே பழவேற்காடுதான். வேல மரக்காடு அடர்ந்த பழைய ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வர். ஒல்லாந்தர் வாயில் அது 'பலியகட்டா' ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் 'புலிகாட்'. 1610-இல் விசயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் இசைவு பெற்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே காலூன்றினர். 1613-இல் கோட்டை எழுந்தது. அதற்கு கெல்ட்ரியா என்று தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரை இட்டனர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய அதிகார மையம் இந்த ஏரிக்கரைதான்.

துணி வாங்கத்தான் வந்தார்கள். பழவேற்காட்டுத் துணி கிழக்கிந்தியத் தீவுகளில் பெரும் விலைக்குப் போயிற்று. மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைப் 'பெலிகாட்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் துணிக்கு விலையாகத் தரவேண்டிய வாசனைப் பொருள்கள் தீவுகளில் விளைந்தாக வேண்டும்; அவற்றை விளைவிக்க ஆள் வேண்டும். 1621-இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன், சாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளைக் கைப்பற்றியபோது அங்கு வாழ்ந்த மக்கள் ஏறக்குறைய முற்றாக அழிந்தனர். எஞ்சியோர் தப்பியோடினர் அல்லது அடிமைகளாக அகற்றப்பட்டனர். வெறிச்சோடிய தோட்டங்களுக்கும், பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) நகரின் கட்டுமானத்துக்கும் அடிமைகள் தேவைப்பட்டனர். அந்தத் தேவைக்கும் நம் கரையின் பஞ்சத்துக்கும் காலப்பொருத்தம் கொடுமையாக அமைந்தது.

1622-23-இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அனுப்பப்பட்டனர் என்று கம்பெனி ஏடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் கணக்கிடுகிறார். 1646-இல் பஞ்சமும் நாயக்கர் கலகங்களும் ஒருசேர வந்தபோது பத்தாவியாவுக்குப் போனவர்கள் 2,118 பேர். மழை பொய்த்தால், படை நடந்தால், நெல் விலை ஏறினால், அடிமையின் விலை இறங்கிற்று. பெற்றோர் தம் பிள்ளைகளையும், சிலர் தம்மையே கூடவும் விற்றனர். இதைப் படிக்கையில் நாம் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. சோறு உள்ள இடத்துக்குப் பிள்ளை போகட்டும் என்பதே பலருடைய கணக்காக இருந்திருக்கும். அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் நின்றவர்கள் வேறு கணக்கு வைத்திருந்தனர்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். விற்கப்பட்டவர்களில் பலர் ஏரிக்கரை மீனவர்கள் அல்லர். உள்நாட்டு உழவரும் நெசவாளரும் அவர் மக்களுமே மிகுதி. எனினும் மீனவக் குப்பங்களுக்கு இவ்வரலாற்றில் பங்கில்லை என்று சொல்வதற்கில்லை. சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் கரையை அணுக முடியாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. அலையைக் கடந்து சரக்கையும் ஆளையும் கப்பலில் சேர்த்தவை உள்ளூர்ப் படகுகளே. அந்தப் பிள்ளைகள் கடைசியாகக் கேட்ட தாய்மொழிப் பேச்சுகளுள் துடுப்புப் போட்டவர்களின் பேச்சும் ஒன்றாக இருந்திருக்கக் கூடும்.

*

ஒருவன் தன் ஊரில் யார் என்பது எதனால் தீர்மானமாகிறது? பழவேற்காட்டு மீனவரிடம் இக்கேள்விக்கு இன்றும் நேரான விடை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை வழங்குகிறது. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்கள் யாருக்கும் சொந்தமில்லை. முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்னின்ன நாளில் இன்னின்னார்க்கு இன்ன இடம் என்று பகிர்ந்துகொள்கிறார்கள். முறைக்கு உரியவன் ஊர்க் கணக்கில் இருக்க வேண்டும். இன்னாருடைய மகன், இன்ன குடும்பத்தவன், வரி கட்டியவன் என்று ஊரார் அறிந்திருக்க வேண்டும். அடையாளம் என்பது இங்கே மனத்துக்குள் தேடிக் கண்டெடுக்கும் பொருளன்று. பிறர் நம்மைக் கணக்கில் வைத்திருப்பதே அடையாளம்.

கப்பலேற்றப்பட்டவர்கள் இழந்தது இதைத்தான். அடிமைமுறை பற்றி 1982-இல் நூலெழுதிய சமூகவியலாளர் ஓர்லாண்டோ பாட்டர்சன் இந்த நிலையைச் 'சமூகச் சாவு' என்றார். அடிமைக்கு முன்னோரும் இல்லை, பின்னோரும் இல்லை. அவன் எவருடைய மகனும் அல்லன், எவருடைய தந்தையும் அல்லன். விலங்கையும் சவுக்கையும்விட இந்த அறுப்பே அடிமைமுறையின் உயிர்நாடி என்பது அவர் துணிபு. கம்பெனியின் ஏடுகள் இதற்குச் சான்று. தாய் தந்தையர் இட்ட பெயர் நீக்கப்பட்டு, அந்தோணி, கத்தரீனா என்பன போன்ற பெயர்கள் இடப்பட்டன. அவற்றின் பின்னே 'பலியகட்டாவைச் சேர்ந்த', 'வங்காளத்தைச் சேர்ந்த', 'மலபாரைச் சேர்ந்த' என்று ஓர் ஒட்டு. அந்த ஒட்டும் பிறந்த ஊரைக் குறித்ததென்று உறுதியில்லை. பல வேளைகளில் அது கப்பலேற்றிய துறையையே குறித்தது. துணிமூட்டையின்மேல் எழுதும் ஊர்ப்பெயர் போன்றதுதான்.

*

அந்த ஒட்டைச் சுமந்தவர்களுள் ஒருத்தியின் வாழ்க்கை மட்டும் சற்று விரிவாகவே நமக்குக் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்க வம்சாவளி ஆய்வாளர்கள், குறிப்பாக மான்செல் உபாம், ஏடுகளைத் துருவி மீட்டெடுத்த வாழ்க்கை அது. பலியகட்டாவைச் சேர்ந்த கத்தரீனா என்று பதிவானவர். 'பெரிய கத்ரைன்' என்று வழங்கப்பட்டவர். அவருடைய தமிழ்ப் பெயரோ தெலுங்குப் பெயரோ எதுவாயினும் அது நமக்குக் கிட்டவில்லை.

1656-இல் பத்தாவியாவின் நீதிமன்றத்தில் அவர் நிற்கிறார். அப்போது வயது இருபதுகளின் நடுவில். தம் காதலனும் சக அடிமையுமான ஒருவனைத் தாக்கிக் கொன்றதாக வழக்கு. அவன் தம்மைத் தாக்கியபோது நிகழ்ந்தது என்பதும் ஏட்டில் உள்ளது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுள் முழுதும் நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், ஐந்தாண்டுக்கு முன்னர்தான் கம்பெனி அமைத்திருந்த நன்னம்பிக்கை முனைக் குடியிருப்பில் வந்திறங்கினார். அங்கு நாடு கடத்தப்பட்ட முதல் பெண் கைதி என்று அவரைக் குறிப்பர். குடியிருப்பின் தலைவர் யான் வான் ரீபெக் வீட்டில் துணி துவைப்பது அவர் வேலை. நெய்த துணிக்குப் பெயர்பெற்ற துறையின் பெயரைச் சுமந்தவர், உலகின் மறுகோடியில் அயலார் துணியை வெளுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனத்தில் என்ன ஓடிற்று என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. இரண்டு முறை மட்டும் அதன் நிழல் தெரிகிறது. இரண்டும் குற்ற வழக்குகள். முதலாவது பத்தாவியாக் கொலை வழக்கு. இரண்டாவது, 1667-இல் காவல் பணியை விட்டுவிட்டு அவரைத் தேடிச் சென்றதற்காக ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்னும் படைவீரன் தண்டிக்கப்பட்ட வழக்கு. ஒருத்தியின் சினம் ஒரு தீர்ப்பிலும், அவள்மீது ஒருவன் கொண்ட நாட்டம் மற்றொரு தீர்ப்பிலும் பதிவாகியிருக்கின்றன. இடைப்பட்ட பத்தாண்டுகளின் உறக்கமின்மையும் ஏக்கமும் எந்த எழுத்தருக்கும் தேவைப்படவில்லை. அடிமையின் மனம் சட்டத்தை மீறியபோது மட்டுமே ஏடுகளுக்குக் கண்ணில் பட்டது. அவர்களுள் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவரின் சடலமும்கூடத் தண்டனைக்குரிய பொருளாகவே நடத்தப்பட்டது. அது துயரம் என்று கொள்ளப்படவில்லை, உடைமைக்கு நேர்ந்த இழப்பென்றும் கீழ்ப்படியாமை என்றுமே கொள்ளப்பட்டது.

அக்காலத்தார்க்கு மனநோய் பற்றிய அறிவே இல்லை என்று நாம் சமாதானம் கொள்ள இயலாது. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்த ஏக்கத்தால் இளையோர் உண்ணாமல் உறங்காமல் மெலிவதை ஒரு நோயாகவே வகுத்து ஆய்வேடு எழுதினார். வீடு திரும்பல், வலி என்னும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்று அதற்குப் பெயர் சூட்டியவரும் அவரே. அவர் கண்ட நோயாளிகள் சுவிஸ் இளைஞர்கள். சில நாள் நடைத்தொலைவில் ஊர் உள்ளவர்கள். ஊருக்கு அனுப்பிவைப்பதே தலையாய மருந்து என்றார். அதே பத்தாண்டுகளில் கடலுக்கப்பால் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரவர்க்கு அந்த நோய் இருக்கக் கூடும் என்று எந்த மருத்துவரும் எழுதவில்லை. நோய்க்குப் பெயர் பிறந்துவிட்டது; அந்தப் பெயருக்கு உரியவர் பட்டியலில் மட்டும் இவர்கள் சேரவில்லை.

*

ஆயினும் இவ்வரலாறு புலம்பலோடு முடிவதன்று. உறவு அறுக்கப்பட்டவர்கள் உறவைப் புதிதாகக் கட்டினார்கள். 1669-இல் கத்தரீனாவின் மகனுக்குக் கிறிஸ்டோஃபல் என்று ஞானஸ்நானம் நடந்தது. 1671-இல் கத்தரீனா, விடுதலை பெற்றிருந்த வங்காளத்து அந்தோணியை முறைப்படி மணந்தார். வங்காளத்தவனும் சோழமண்டலத்தவளும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? பெரும்பாலும் போர்த்துகீசியத் திரிமொழியாக இருக்கலாம். கிழக்குத் துறைமுகங்களின் அடிமைகளுக்குள் அதுவே பொதுமொழி. பிறந்த மொழியால் அல்லாமல் பட்ட பாட்டால் ஒன்றானவர்கள் அவர்கள்.

பத்தாவியாவிலும் இதுவே நிகழ்ந்தது. வங்கத்திலிருந்தும் தென்னிந்தியக் கரைகளிலிருந்தும் வந்து, கிறித்தவராகி, விடுதலை பெற்றோர் 'மார்டைக்கர்' எனப்பட்டனர். வடமொழியின் 'மகர்த்திக' என்னும் சொல் மலாயில் 'மெர்டேக்கா' ஆகி, விடுதலை பெற்றவன் என்ற பொருளில் இவர்களுக்குப் பெயராயிற்று. மலேசியத் தமிழ் வாசகர்க்கு நன்கு பழகிய, பின்னாளில் ஒரு நாட்டின் சுதந்திர முழக்கமாகவே ஆகிவிட்ட சொல், முன்னர் நம் கரைகளிலிருந்து போன அடிமைகளின் பெயராகவும் இருந்தது என்பது எண்ணத்தக்கது. 1661-இல் துகு என்னும் சிற்றூரில் குடியமர்த்தப்பட்ட மார்டைக்கர்களின் வழியினர் இன்றும் வட ஜகார்த்தாவில் தேவாலயத்தையும் குரோஞ்சோங் இசையையும் காத்து வருகின்றனர்.

கத்தரீனாவின் மகன் கிறிஸ்டோஃபல், பிரான்சின் மதக் கொடுமைக்கு அஞ்சி வந்த ஹியூகனாட் பிரிவினரில் செல்வாக்கு மிக்க ஒரு குடும்பத்தின் மகளான மார்கரீத் தெரேஸ் த சவ்வாவை 1690 வாக்கில் மணந்தார். அவர்கள் வழிவந்ததே தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குலம். அந்நாட்டில் 1949-இல் கலப்பு மணத் தடைச் சட்டமும், 1950-இல் ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாக முத்திரையிட்ட மக்கள் பதிவுச் சட்டமும் வந்தன. அந்தச் சட்டத்தின் கீழ் வெள்ளையரெனப் பதிவாகி வாழ்ந்த பலருக்கு மூதாட்டி, பலியகட்டாவிலிருந்து போன ஓர் அடிமைப் பெண். தூய அடையாளம் என்று ஒன்று உண்டென நம்புவோர்க்கு இதைவிடக் கூர்மையான பாடத்தை வரலாறு புகட்ட முடியாது. 1652 முதல் 1808 வரை நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்றும், அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவிலிருந்து சென்றவர் என்றும் ராபர்ட் ஷெல் மதிப்பிட்டுள்ளார். அவர்களில் மிகப் பலர்க்குக் கத்தரீனாவுக்குக் கிடைத்த அளவு தடயமும் இல்லை.

*

இன்றைய புலம்பெயர் இளையோர், தாம் எந்த ஊர், எந்த மொழி, தம் மனச்சோர்வு குடும்பத்துக்கு இழுக்கா என்றெல்லாம் வாய்விட்டுப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். மூத்தோர் சிலர்க்கு அது வீண் புலம்பலாகத் தோன்றுகிறது. 'நாங்களெல்லாம் படாத துன்பமா?' என்று கேட்கிறார்கள். படாததன்று, பேசாதது. பேச வழியற்ற மனங்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதற்குக் கத்தரீனாவின் இரண்டு வழக்கேடுகளே சாட்சி. பேச்சுக்கு இடமில்லாதபோது மனம் குற்றப் பட்டியலில்தான் பதிவாகும். ஆகவே ஓர் இளைஞன் தன் சோர்வைச் சொல்லவும், ஒரு பெண் தான் எவ்வூராள் என்று தெரியவில்லை என ஒப்புக்கொள்ளவும், அதைக் கேட்க நாலுபேர் கூடவும் முடிகிறதென்றால், அது நூற்றாண்டுகள் தாமதமாக வந்த ஓர் உரிமை என்றே நாம் கொள்ள வேண்டும்.

பழவேற்காட்டில் கெல்ட்ரியாக் கோட்டை முட்புதர் மூடிய மேடாகக் கிடக்கிறது. அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே கம்பெனி அதிகாரிகளும் வணிகரும் அவர் மனைவி மக்களும், பெயரும் பிறந்த ஊரும் இறந்த நாளும் பிழையின்றிப் பொறிக்கப்பெற்றுத் துயில்கின்றனர். கடல்கடந்து வந்து இறந்தவர்க்குச் சொந்த ஊர் கல்லில் நிற்கிறது. இங்கிருந்து போனவர்க்கோ, இந்த ஊரின் பெயர் அயல்மொழி ஏடுகளில் ஒரு பின்னொட்டாக நிற்கிறது. அந்தப் பின்னொட்டை முகவரியாகக் கொண்டு படிக்கத் தொடங்கினால், ஊர்க் கணக்கிலிருந்து விடுபட்டவர்களை, மிகத் தாமதமாகவேனும், நாம் கணக்கில் சேர்த்தவர்களாவோம்.