மின் கிளாவிகார்டு

மின் கிளாவிகார்டு என்பது கட்டைகளை அழுத்தி வாசிக்கும் தந்திக்கருவி. கட்டையின் மறுமுனையில் உள்ள பித்தளைத் துண்டு தந்தியைத் தட்டி ஒலியெழுப்புகிறது. அந்த அதிர்வைப் பிக்கப் மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. மரவேலையும் சாலிடர் வேலையும் தெரிந்தவர் வீட்டிலேயே செய்யக்கூடிய கருவிகளில் இதுவும் ஒன்று.

இயங்கும் முறை

பியானோவில் சுத்தியல் தந்தியை அடித்ததும் விலகிவிடும். கிளாவிகார்டிலோ கட்டை அழுத்தப்பட்டிருக்கும் வரை பித்தளைத் துண்டு தந்தியைத் தொட்டபடியே நிற்கும். டேஞ்சன்ட் எனப்படும் இத்துண்டே அடிக்கும் கருவி, இதுவே வீணையின் மெட்டைப் போல நீளத்தை வரையறுக்கும் எல்லையும் ஆகும். டேஞ்சன்ட்டிலிருந்து, தந்தியைத் தாங்கும் குதிரை வரையுள்ள பகுதி ஒலிக்கும். மறுபக்கம் கம்பளித் துணியால் அடக்கப்பட்டிருக்கும். கட்டையை விட்டதும் அத்துணி முழுத் தந்தியையும் அடக்கிவிடும். அழுத்தம் கூடினால் தந்தி இறுகிச் சுருதி சற்று ஏறும். இப்படி விரலால் சுரத்தை அசைப்பதை ஜெர்மானியர் ‘பேபுங்’ என்றனர்.

வரலாறு

கிளாவிகார்டின் பெயர் 1404ஆம் ஆண்டின் ஜெர்மானிய நூல் ஒன்றில் காணப்படுகிறது. ஆண்டு பொறிக்கப்பட்டு எஞ்சியுள்ளவற்றில் பழமையானது 1543இல் தொமெனிகுஸ் பிசாரென்சிஸ் செய்தது. லைப்சிக் அருங்காட்சியகத்தில் உள்ளது. அறைக்குள் மட்டுமே கேட்கும் மெல்லிய ஒலி இதன் பெருங்குறை. பியானோ பரவியதும் வழக்கொழிந்தது. அக்குறையை மின்சாரத்தால் தீர்த்தவர் ஜெர்மனியின் ஹோனர் நிறுவனப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஸகரியாஸ். 1960களில் அவர் வடிவமைத்த கிளாவினெட்டில் 60 கட்டைகளும் 60 தந்திகளும் உண்டு. கட்டைக்கு அடியிலுள்ள ரப்பர் முனை தந்தியை உலோகத் திட்டின்மேல் அழுத்தும். 1972இல் வெளிவந்த ஸ்டீவி வொண்டரின் ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாடல் இதை உலகறியச் செய்தது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு புல்புல்தாரா. நகோயாவைச் சேர்ந்த கோரோ மொரிட்டா 1912இல் உருவாக்கிய தைஷோகோட்டோவின் வழி வந்தது இது. இதில் இடக்கை கட்டையை அழுத்தித் தந்தியின் நீளத்தை வரையறுக்க, வலக்கை மீட்டும். பிக்கப் பொருத்திய வடிவம் மும்பை விநாயகர் ஊர்வலங்களில் ‘பேஞ்சோ’ என்ற பெயரில் ஒலிக்கிறது.

தந்திகளும் சட்டமும்

கருநாடக இசைக்கு 3 ஸ்தாயி, அதாவது 37 கட்டைகள் போதும். 0.25 மி.மீ. எஃகுத் தந்தி 60 செ.மீ. நீளத்தில் 261.6 ஹெர்ட்ஸ், அதாவது 1 கட்டைச் சுருதி ஒலிக்க ஏறத்தாழ 4 கிலோ இழுவிசை வேண்டும். கட்டைக்கு ஒரு தந்தி வைத்தால் சட்டம் தாங்க வேண்டிய சுமை சுமார் 150 கிலோ. அடுத்தடுத்த மூன்று கட்டைகளுக்கு ஒரு தந்தி என அமைத்தால் 13 தந்திகளே போதும். சுமை 50 கிலோ அளவில் நிற்கும். அப்போது டேஞ்சன்ட்டுகள் குதிரையிலிருந்து 60, 56.6, 53.5 செ.மீ. தொலைவில் அமையும். ஒரே தந்தியைப் பகிரும் இரு சுரங்களைச் சேர்த்து வாசிக்க இயலாது. ஒற்றை இழையாக ஓடும் நம் இசைக்கு இது இழப்பில்லை.

மேல்ஸ்தாயிக்குச் செல்லச் செல்லத் தந்தியைக் குறுக்க வேண்டும். கீழ்ஸ்தாயிக்குச் சுருள் சுற்றிய கிதார் தந்தி ஏற்றது. சட்டத்துக்குத் தேக்கு, பலகைக்கு வீணை செய்யும் பலா பொருந்தும். பிருடைகளுக்குப் பதில் கிதாரின் திருகாணிகளைப் பொருத்தலாம். கட்டை நடுவிலுள்ள ஆணியின்மேல் ஏற்றம்போல் ஆடும். பின்முனையில் 1 மி.மீ. தடிப்புள்ள பித்தளைத் தகடு செருகப்படும்.

பிக்கப்

காந்தத்தின்மேல் மனிதத் தலைமுடி அளவு மெல்லிய எனாமல் செப்புக்கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றினால் பிக்கப் தயார். இது எஃகின் அசைவை மட்டும் உணர்வதால் கட்டையின் ‘டொக்’ ஒலி அதிகம் நுழையாது. பித்தளைத் தந்தி போட்டால் பீசோ தகடு தேவை. அது மரத்தின் ஓசையையும் சேர்த்து வாங்கும். பிக்கப்பைக் குதிரைக்கு அருகே வைத்தால் ஒலி கூர்மையாகவும், தள்ளி வைத்தால் கனமாகவும் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலைக் குறைக்க, எதிர்த் துருவமும் எதிர்ச் சுற்றும் கொண்ட இரண்டு சுருள்களை இணைப்பர். தந்திகளை எர்த்துடன் சேர்ப்பதும் உதவும். முன்பெருக்கிக்கு 9 வோல்ட் பேட்டரி போதும்.

மதுரை வட்டாரச் சூழல்

மதுரை–தேனி சாலையிலுள்ள நாகமலை புதுக்கோட்டை போன்ற ஊரில் இதற்கென்று தனிக்கடையைத் தேட வேண்டியதில்லை. செப்புக்கம்பி மோட்டார் வைண்டிங் கடையிலும், பித்தளைத் தகடு பாத்திரப் பட்டறையிலும், சட்டம் தச்சரிடமும் கிடைக்கக்கூடியவை. இவ்வட்டாரத்தில் கோடை வெயிலில் எஃகு நீண்டு சுருதி இறங்கும். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். எனவே நன்கு உலர்ந்த மரமே உதவும்.

மதுரை கட்டைக்கருவிக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே தொடங்கிய நாடக சபை போன்றவற்றின் மேடைகளில் ஆர்மோனியப் பின்பாட்டு கோலோச்சியது. மதுரை டி. என். சேஷகோபாலன் ஆர்மோனியத்தில் தனிக்கச்சேரியே செய்திருக்கிறார்.

இசைப் பொருத்தம்

கமகம் வராது, சுருதிகள் சம அளவில் உறைந்துவிட்டன என்ற வாதங்களால் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல் தடை தளர்ந்தது. இரண்டாம் குறைக்குக் கிளாவிகார்டு முழு விடை தருகிறது: டேஞ்சன்ட்டைச் சற்றே வளைத்தால் அந்தர காந்தாரத்தைச் சம அளவினும் 14 சென்ட் இறக்கி, ஷட்ஜத்தோடு 5:4 விகிதத்தில் நிறுத்தலாம். முதல் குறைக்குப் பாதி விடையே கிடைக்கிறது. சுருதியை மேலே மட்டுமே அசைக்க முடியும். அந்த அசைவும் பொதுவாக அரைச்சுரத்துக்குள் அடங்கும். மெல்லிய கம்பிதம் இதில் பேசும்; வீணையில் தந்தியை இழுத்துக் காட்டும் தோடி காந்தாரத்தை இதில் எதிர்பார்க்க முடியாது.