சிதம்பரமும் கிள்ளையும்: ஒரு கோயில் நகர வட்டாரத்தின் மக்கள்தொகை, தொழில், கல்வி, குடியிருப்பு

சிதம்பரம் 1873-இல் நகராட்சியானது. 1901 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 19,909, 2011-இல் 62,153. நூற்றுப்பத்து ஆண்டுகளில் மூன்று மடங்கு என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1901-இல் ஏறத்தாழ 1.92 கோடிப் பேர் இருந்தனர், 2011-இல் 7.21 கோடிப் பேர். பட்டிதொட்டி எல்லாம் சேர்ந்த மாநிலமே மூன்றே முக்கால் மடங்கு பெருகியபோது சிதம்பரம் அந்த அளவைக்கூட எட்டவில்லை. மாவட்டத் தலைநகரான கடலூரின் கணக்கும் ஏறக்குறைய இதுவே: 52,216-இலிருந்து 1,73,636. பெரிய ஆலைகள் வராததை இதற்குக் காரணமாகச் சொல்வதுண்டு. சிதம்பரத்தைப் பொறுத்தவரை அது பாதி விடைதான். ஊர் வளர்ந்திருக்கிறது, நகராட்சி எல்லைக்குள் வளரவில்லை.

நகராட்சியின் பரப்பு 4.8 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13,000 பேர். இதில் நடராசர் கோயில் மட்டும் சுமார் 40 ஏக்கர். அதைச் சுற்றித் தேரோடும் நான்கு வீதிகள், அவற்றுக்கு வெளியே ஞானப்பிரகாசர் குளம், ஓமக்குளம், நாகசேரி போன்ற குளங்கள், கிழக்கே ரயில் பாதை, ஊரைத் தொட்டுக்கொண்டு பாலமான், கான்சாகிப் வாய்க்கால்கள். இவை போக மிஞ்சிய இடத்தில்தான் வீடுகள். அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. அதற்குப் பின் வந்த குடும்பங்கள் லால்புரம், உசுப்பூர், சி.கொத்தங்குடி, பள்ளிப்படை ஆகிய ஊராட்சிகளிலும், ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள அண்ணாமலைநகரிலும் குடியேறின. அங்கே வீடு வாங்கியவர் தம் ஊரைச் சிதம்பரம் என்றே சொல்வார். கணக்கெடுப்பு அவரை வேறு ஊரில் சேர்த்துவிடும். 2021 கணக்கெடுப்பு நடக்காமல் தள்ளிப்போனதால், இந்த வளையத்தில் அண்மைக்காலத்தில் முளைத்த மனைப்பிரிவுகள் எந்தக் கணக்கிலும் இன்னும் முழுமையாக வரவில்லை.

ஊரின் பழைய குடியிருப்பு முறை கோயிலை அச்சாகக் கொண்டது. மதிலை ஒட்டிய தெருக்களில் தீட்சிதர் குடும்பங்கள், கோயில் தொழில் செய்வோர். தேர் வீதிகளில் மடங்கள், சத்திரங்கள், வணிகர் வீடுகள். ஊர்க்கோடியில் உழைக்கும் சாதியினரின் சேரிகள் என்ற அடுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை பெரிதாகக் குலையவில்லை. பிற்பாதியில் தேர் வீதிகளின் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜ், துணிக்கடை, பாத்திரக்கடை என மாறின. முன்புறம் ஷட்டர், பின்புறம் ஓடு வேய்ந்த பழைய முற்றம் என்று பாதி மாறி நிற்கும் கட்டடங்கள் அங்கே இன்றும் உண்டு. இடமில்லாத ஏழைகள் குளக்கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் குடிசை போட்டனர். பின்னாளில் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று அவை அகற்றப்பட்டபோது குளம் மீண்டது. குடும்பங்கள் ஊருக்கு வெளியே போயின.

ஊரின் வருமானம் மூன்று வழிகளில் வருகிறது: கோயில், நெல், சம்பளம். கோயிலின் நிர்வாகம் பொது தீட்சிதர்களிடமே இருக்கிறது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகவே மற்றக் கோயில் நகரங்களைப் போல அறநிலையத் துறை அலுவலகமும் அதன் செலவும் இங்கே பொருளாதாரத்தின் மையம் அல்ல. பக்தர் ஊருக்குள் செலவழிப்பதுதான் கணக்கு: அறை வாடகை, பூ, சாப்பாடு, ஆட்டோ. ஆனித் திருமஞ்சனமும் மார்கழி ஆருத்ராவும் லாட்ஜ்காரர்களுக்கு ஆண்டின் இரு உச்சங்கள். 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி சிவராத்திரியை மூன்றாவது உச்சமாக்கியது.

நெல்லின் கதை இதைவிடப் பழையது. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியே வீராணம் ஏரிக்கு நீர் வருகிறது. அங்கிருந்தும் மற்ற வாய்க்கால்களிலிருந்தும் சிதம்பரம் வட்டத்துக்குப் பிரிகிறது. இது காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறந்த நீர் இங்கே கடைசியில் வரும். மழைக்காலத்தில் மேலேயுள்ள வயல்களின் வடிகால் நீரெல்லாம் இங்கேதான் முதலில் தேங்கும். இந்த இரட்டைச் சிக்கலால் குறுவையைவிடச் சம்பாவை நம்பிய உழவர்களே அதிகம். சிதம்பரத்தின் கடைவீதியும் அந்த அட்டவணைப்படியே ஏறி இறங்கும். நடவுக்கும் உரத்துக்கும் பணம் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில் அடகுக்கடைகளில் நகை உள்ளே போகும். தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வங்கிக் கணக்கில் பணம் ஏறியதும் அது மீட்கப்படும், அல்லது மீட்கப்படாமல் ஏலத்துக்குப் போகும். 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இவ்வட்டாரத்தின் காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம், குமராட்சி, மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களையும் உள்ளடக்கியது. எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களுக்கு அது தடை போட்டது. வயலை மனையாக்கும் சில்லறை விற்பனையை நிறுத்துவது அதன் முதன்மை நோக்கமன்று. வளைய ஊராட்சிகளில் வேலிக்கற்கள் நடப்படுவதும் நிற்கவில்லை.

மூன்றாவதான சம்பளம் கல்வியிலிருந்து வந்தது. கோயிலுக்கு அடுத்தபடியாக இவ்வூரை மாற்றியது அதுவே. ஆறுமுக நாவலர் 1864-இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் ஓமக்குளத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் ஒரே இடத்தில் தந்தது. சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து படித்து அரசு வேலைக்குப் போன முதல் தலைமுறையில் பலர் அங்கே படித்தவர்கள். கோயிலுக்குள் நுழையக் காத்திருந்த நந்தனாரின் பெயரை, கோயிலுக்குச் சற்றே தள்ளிப் பள்ளிக்கு வைத்தது தற்செயல் அல்ல.

1920-இல் அண்ணாமலை செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதையும் அதைச் சேர்ந்த தமிழ், வடமொழி, இசைக் கல்வி நிலையங்களையும் இணைத்து 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. சென்னைக்கு வெளியே, விடுதிகளோடு கூடிய உறைவிடப் பல்கலைக்கழகம் என்பது அன்றைய தமிழகத்துக்குப் புதிது. சுமார் 1,000 ஏக்கர் வளாகம், நகராட்சியின் மொத்தப் பரப்புக்குக் கொஞ்சமே குறைவு. ரயில் பாதைக்கு மேற்கே ஊர், கிழக்கே பல்கலைக்கழகம். இரண்டாவதற்குத் தனிப் பேரூராட்சி. 1945-இல் பொறியியல், 1979-இல் தொலைநிலைக் கல்வி, 1985-இல் மருத்துவம் என அது விரிந்தது. 1965 ஜனவரி 27-இல் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததற்குப் பிறகு தமிழக அரசியலிலும் இவ்வளாகத்துக்கு ஓர் இடம் கிடைத்தது.

தொலைநிலைக் கல்வியின் பங்கை ஆய்வுகள் போதிய அளவு கவனித்ததில்லை. தமிழகமெங்கும் ஆசிரியர்களும் எழுத்தர்களும் வீட்டிலிருந்தபடியே பட்டம் பெற அது வழிசெய்தது. கட்டணம் இவ்வூருக்கு வந்தது. அந்தப் பணத்தின் பலத்தில் பணியாளர் எண்ணிக்கை தேவைக்கு மேல் பெருகியது. ஊரில் வீட்டுக்கொருவர் யுனிவர்சிட்டியில் வேலை பார்ப்பதாகச் சொல்வார்கள். மிகைதான், ஆனால் வெகு தூரம் மிகையல்ல. மாரியப்பா நகர், முத்தையா நகர் வீடுகள் அந்தச் சம்பளத்தையும், அதைக் காட்டி வாங்கிய கடனையும் நம்பிக் கட்டப்பட்டவை. மாடியில் மாணவருக்கு வாடகை அறை, கீழே குடும்பம், முன்னே மெஸ் அல்லது ஜெராக்ஸ் கடை என்பது அங்கே வழக்கமான அமைப்பு. நிதி நெருக்கடி முற்றியதால் 2013-இல் தமிழக அரசு பல்கலைக்கழகத்தை ஏற்றது. உபரியாகக் கண்டறியப்பட்ட பல ஆயிரம் பேர் மாநிலத்தின் மற்ற அரசு நிறுவனங்களுக்குப் பணியிடம் மாற்றப்பட்டனர். குடும்பத்தலைவர் திங்கட்கிழமை ரயிலேறி வெள்ளிக்கிழமை திரும்பும் வீடுகள் பெருகின. மருத்துவக் கல்லூரி 2021-இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியபோது, கட்டணம் குறைந்ததோடு வட்டாரத்துக்கு ஒரு பெரிய அரசு மருத்துவமனையும் கிடைத்தது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலை நோக்கிய பேரூராட்சி கிள்ளை. விழுப்புரம்–மயிலாடுதுறை ரயில் பாதையில் அதற்கு ஒரு சிறு நிலையம் உண்டு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழியும், சுமார் 1,100 ஹெக்டேர் பரவிய பிச்சாவரம் அலையாத்திக் காடும் இதன் வாழ்வாதாரம். சிதம்பரத்தின் தல மரமான தில்லையை இன்று தேடிப் பார்க்க வேண்டிய இடமும் இக்காடுதான். முடசல்ஓடையில் மீனிறங்குதளம், இறால், நண்டு, மடவை வியாபாரம், பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு. மாசிமகத்தன்று திருமுட்டம் பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். வழியில் தைக்கால் தர்காவில் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வார்கள். அன்று ஒரே நாளில் கிள்ளைக்கு வரும் கூட்டம், ஊரின் மக்கள்தொகையைப் போலப் பலமடங்கு.

கழியின் வருமானம் சமமாகப் பிரிவதில்லை. படகும் வலையும் வைத்திருப்போர் ஒருபுறம். கழுத்தளவு நீரில் அமர்ந்து சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் மறுபுறம். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போட்டபடியே அவர்கள் நகர்வார்கள். எம்.ஜி.ஆர். நகர், கலைஞர் நகர் முதலிய அவர்களது குடியிருப்புகளில் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டுவதற்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதிலிருந்த நெடுநாள் இழுபறி பெரும் தடையாக இருந்தது. அரை மணி நேரத் தொலைவில் பல்கலைக்கழகம் இருந்தும் அதன் விடுதியில் இருளர் பிள்ளை அரிது.

2004 டிசம்பர் 26 சுனாமி இக்கரையின் குடியிருப்பை மாற்றியது. கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகியவை அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காடு காப்பாற்றியது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 18 சிற்றூர்களை ஒப்பிட்டு 2005-இல் அதற்குச் சான்று தந்தனர். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள், அதே தரவில் கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று மறுத்தனர். வீடு கட்டும் கொள்கைக்கு இரண்டாவது வாதம் கூடுதல் பயனுள்ளது: மரம் நட்டுவிட்டு, குடியிருப்பை மணல்திட்டிலேயே விட்டுவைக்க முடியாது.

அரசும் அந்த வழியில்தான் போனது. 2005 மார்ச்சில் வெளியான அரசாணை, 300 முதல் 325 சதுர அடி வரையிலான நிரந்தர வீடுகளை ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலவில் கட்டித்தர வகைசெய்தது. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றது. திட்டுவாசிகள் கழிக்கு இக்கரையில், கிள்ளைப் பக்கம் குடியேறினர். கான்கிரீட் கூரையும் மின்சாரமும் பக்கத்தில் பள்ளியும் கிடைத்தன. ஆனால் படகும் வலையும் நிற்கும் இடம் தூரமானது. ஒரு தலைமுறை கடந்து, அந்த ஒற்றை அறை வீட்டில் மகனுக்கும் மணமாகிவிட, பக்கச் சுவரை ஒட்டித் தகரம் இறக்கிய சாய்ப்புகள் வந்துவிட்டன. 2022 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் இருளர் சமூகப் பெண் ஒருவர் கிள்ளைப் பேரூராட்சித் தலைவரானார். பட்டா, சான்றிதழ், கூடுதல் வீடு ஆகியவற்றில் பேரூராட்சியின் அதிகாரம் குறைவு. அவை வருவாய்த் துறையின் கையில், சிதம்பரம் சார் ஆட்சியர் அலுவலகத்தையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் சார்ந்தே இருக்கின்றன.