கள்ளச் சூதும் துப்பறியும் கதையும்

சகுனியின் பகடையை எவரும் கையிலெடுத்துச் சோதித்ததாகப் பாரதக் கதையில் இல்லை. விதுரன் எச்சரித்தான், மூத்தோர் வாளாவிருந்தனர், தருமன் இழந்துகொண்டே போனான். ஆட்டம் நேர்மையானதன்று என்று உணர்ந்தோர் அச்சபையிலே பலர் இருந்திருப்பர். ஆயினும், சூழ்ச்சி இவ்விடத்தில் இவ்வாறு உளது என்று விரல் சுட்டிக் காட்டுவார் ஒருவரும் இலர்.

வஞ்சகரின் கதை எந்நாட்டிலும் பழையது. வஞ்சகரைக் கையுங் களவுமாகப் பிடிப்பவரின் கதையோ மிகப் பிந்தியது. துப்பறியும் கதை என நாம் விரும்பிப் படிக்கும் இலக்கியத்தின் ஒரு கிளையாக அது இன்று விளங்குகிறது. அக்கிளையின் வேரைத் தேடிச் சென்றால், முதலாம் எலிசபெத் அரசியார் காலத்து இலண்டன் மாநகரின் கள்ளுக்கடைகளிலே போய் நிற்போம்.

1591 ஆம் ஆண்டில் றொபேட் கிறீன் என்னும் எழுத்தாளர் மலிவான சிறு நூல்கள் சிலவற்றை அச்சிடத் தொடங்கினார். கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போட் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் பட்டம் பெற்றவர் அவர். படிப்புக்கும் நடத்தைக்கும் தொடர்பில்லை என்பதற்கு அவரே சான்றாவர். கெட்ட சகவாசத்திலே தம் வாழ்நாளைக் கழித்ததாகத் தாமே எழுதி வைத்தவர். அச்சகவாசத்தில் அறிந்தவற்றையே அவர் நூல்களாக்கினார். ஏமாறுபவனுக்கு அவர் நூல்களில் வழங்கும் பெயர் ‘முயல்’. ஏமாற்றுவோர் ‘முயல் பிடிப்போர்’.

அவர் விவரிக்கும் வித்தையின் அமைப்பு கவனிக்கத்தக்கது. வழக்கு விவகாரமாகவோ வேறு அலுவலாகவோ நாட்டுப்புறக் கமக்காரன் ஒருவன் தலைநகருக்கு வருகிறான். இடுப்பிலே பணப்பை தொங்குகிறது. ஒருவன் அவனை வழிமறித்துக் குசலம் விசாரிக்கிறான். அவனுடன் குடிக்கக் கமக்காரன் இணங்கவில்லை. ஆனால் பேச்சுவாக்கில் தன் பெயரையும் ஊரையும் அயலவர் பெயரையும் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான் வேண்டும். அடுத்த தெருமுனையில் வேறொருவன் எதிர்ப்பட்டு, அவனைப் பெயர் சொல்லியே அழைத்து, அவன் அயலவரின் உறவினன் என்று தன்னை அறிமுகஞ் செய்கிறான். பெயர் சொல்லி அழைப்பவனை நம்பாமல் இருப்பது எப்படி? இருவரும் கள்ளுக்கடைக்குள் நுழைகின்றனர். அங்கே சீட்டாட வரும் மூன்றாம் ஆள் ஒருவனை ஏய்ப்பதற்கு ஓர் எளிய தந்திரத்தைப் புதிய நண்பன் கமக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். முதலில் வெற்றி, பிறகு பணப்பை காலி. மூன்றாம் ஆளும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லவும் வேண்டுமோ!

ஏமாந்தவனும் ஏமாற்ற உடன்பட்டவனே என்பதுதான் இதன் நுட்பம். ஆகையால் அவன் நீதவானிடம் முறையிட நாணுவான். கள்ளச் சூதுக்குக் காவல் அதன் திறமையன்று, ஏமாந்தோரின் மௌனமே. அம்மௌனத்தைக் கிறீன் அச்சிலே கலைத்தார். கலைத்தவரின் நேர்மை ஐயத்துக்குரியதாயிருந்தது வேறு விடயம். பகடை மோசடி பற்றி 1552 அளவில் வெளிவந்த ஒரு நூலிலிருந்து அவர் தாராளமாக எடுத்தாண்டிருக்கிறார். 1592 இல், முயல் பிடிப்போர் சார்பாகப் பேசுவது போன்ற மறுப்பு நூலொன்று வெளிவந்தது. ஒரே நாடகத்தை இரண்டு நாடகக் குழுக்களுக்கு விற்றுக் காசு வாங்கிய கிறீனும் முயல் பிடிப்பவர்தாமே என்று அது கேட்டது. அம்மறுப்பை எழுதியவரே கிறீன்தான் என ஐயுறும் அறிஞரும் உளர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் வறுமையுற்று மாண்டார்.

வித்தை தெரிந்தவனே வித்தையைக் காட்டிக்கொடுக்க இயலும் என்ற இவ்வுண்மை, பிரான்சு நாட்டிலே மதிப்பானதொரு வடிவம் பெற்றது. றொபேர் ஹூடின் செப்படி வித்தையிற் பேர்போனவர். பிற்காலத்து ஹூடினி தம் மேடைப் பெயரை ஆக்கிக்கொண்டது இவர் பெயரிலிருந்தே. 1849 ஆம் ஆண்டில் பாரிஸ் நீதவான் ஒருவர், ஐயத்துக்குரிய சூதாடி ஒருவனிடம் கைப்பற்றிய 150 சீட்டுக் கட்டுகளை இவரிடம் ஒப்படைத்தார். அடையாளம் ஏதும் உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சீட்டுகளின் முதுகு வெண்மையாய், வழவழப்பாய் இருந்தது. பல நாட்கள் கண்ணாலும் கண்ணாடியாலும் துருவிப் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. சலிப்புற்று அவற்றை மேசையிலே எறிந்தபோது, ஒரு சீட்டின் மூலையருகே மங்கிய புள்ளியொன்று தெரிந்தது. நெருங்கிப் பார்த்தார், மறைந்தது. விலகிப் பார்த்தார், மீண்டும் தோன்றியது. வழவழப்பை ஓரிடத்தில் மட்டும் போக்கியிருந்தான் அச்சூதாடி. அந்த ஆட்டத்திற்குச் சீட்டுகள் 32. இனம் நான்கு, எண் எட்டு. புள்ளி நிற்கும் இடத்தைக் கொண்டே சீட்டு இன்னதென அறியலாம்.

இந்நிகழ்ச்சியை ஹூடின் 1861 இல் வெளியிட்ட நூலிலே கூறுகிறார். அந்நூலில் அவர் வெளிப்படுத்துவன ‘கிரேக்கர்களின்’ மோசடிகள். பிரெஞ்சு வழக்கில் கள்ளச் சூதாடிக்குக் கிரேக்கன் என்று பெயர். கிரேக்கர் செய்த பாவம் யாதோ! நிபுணன், தடயம், சோதனை, தற்செயல், விளக்கம் என்று துப்பறியும் கதைக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் இதில் முழுமையாக அமைந்திருத்தல் காண்க.

அதே 1849 இல் நியூயோர்க் நகரில் வில்லியம் தொம்சன் என்பவன் கைதானான். கண்ணியமான உடையில் வீதியிலே சென்று அந்நியரிடம் பேச்சுக் கொடுத்து, நாளைவரை உம்முடைய கடியாரத்தை என்னிடம் தர நம்பிக்கை உண்டா என்று கேட்பானாம். பலர் தந்தனர். முன்பு ஏமாந்தவர் ஒருவர் வீதியில் அவனை அடையாளங் கண்டு பொலிசாரிடம் பிடித்துக் கொடுத்தார். பத்திரிகைகள் அவனுக்கு இட்ட ‘நம்பிக்கை மனிதன்’ என்ற பெயரே ஆங்கிலத்தில் இத்தகையோருக்கெல்லாம் பொதுப் பெயராயிற்று. 1857 இல் ஹெர்மன் மெல்வில் அப்பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார்.

இவையெல்லாம் வஞ்சகன் இன்னான் எனத் தெளிவாகத் தெரிந்த வழக்குகள். தெளிவு கிடைக்காத வழக்கொன்றும் வரலாற்றில் உண்டு. அதுவே இவ்வகைக் கதைகளை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணை புரிவது.

1890 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர், டொங்காஸ்டர் குதிரைப் பந்தயத்தை முன்னிட்டு, யோர்க்சயரிலுள்ள டிறன்பி குறொஃப்ற் மாளிகையில் விருந்தினராகத் தங்கினார். மாளிகைக்குரியவர் கப்பல் வணிகர் ஆதர் வில்சன். இரவு உணவின்பின் ‘பக்கரா’ என்னும் சீட்டாட்டம் தொடங்கியது. பணத்துக்குப் பதிலாக வைக்கப்பட்ட வில்லைகள் இளவரசர் கையோடு கொண்டு வந்தவை. ஆட்டத்தை நடத்தியவரும் அவரே. அவ்விரவு, விருந்தினருள் ஒருவரான லெப்டினன்ட் கேணல் சேர் வில்லியம் கோர்டன் கமிங், சீட்டு தமக்குச் சாதகமாக விழுந்தபின் முன்னால் கிடந்த வில்லைகளோடு மேலும் வில்லைகளைத் தள்ளி வைத்ததாக வீட்டுக்காரரின் மகனுக்குத் தோன்றிற்று. அவர் அருகிலிருந்தவரிடம் சொன்னார். அவருக்கும் அப்படியே தோன்றிற்று. மறுநாள் இரவு பச்சைத் துணி விரித்த மேசையிலே சுண்ணக் கட்டியால் கோடு கீறி, பந்தய வில்லைகளை அக்கோட்டுக்கு அப்பால் வைக்க வேண்டுமென ஏற்பாடு செய்தனர். அன்றும் கண்டோம் என்றனர் கவனித்தவர்கள். இரண்டு இரவுகளில் கோர்டன் கமிங் வென்ற தொகை 225 பவுண்.

கவனித்தவர்களுள் ஒருவரும் இத்துறையிற் பழுத்தவரல்லர். மாறாக, சேர் வில்லியம் தாம் ஒரு கணக்கின்படி ஆடியதாகக் கூறினார். ஐந்து பவுண் வைத்து வென்றால், வைத்ததையும் வென்றதையும் அங்கேயே விட்டு, மேலும் ஐந்தைச் சேர்த்து அடுத்த ஆட்டத்துக்கு வைப்பது அம்முறை. அதை அறியாதவன் கண்ணுக்கு, வில்லைகள் களவாகப் பெருகுவன போலவே தோன்றும். எது உண்மை என்பதைச் சோதிக்க ஒரு ஹூடின் அங்கே இல்லை. சோதிக்க வேண்டும் என்ற நினைவும் எவருக்கும் எழவில்லை. இளவரசரின் பெயர் கெடக்கூடாது என்ற நினைவே எழுந்தது. ஆகவே ஒரு பத்திரம் எழுதினர். இனி வாழ்நாளில் சீட்டுத் தொடுவதில்லை என்று அவர் ஒப்பமிட வேண்டும். கண்டோர் வாய் திறவார். குற்றத்தை மறுத்துக்கொண்டே அவர் ஒப்பமிட்டார்.

மௌனம் சில மாதங்கள் கூட நிலைக்கவில்லை. செய்தி கசிந்தது. கோர்டன் கமிங் ஐவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 1891 யூன் மாதம் முதலாந் திகதி விசாரணை தொடங்கியது. நாடகக் கொட்டகைபோல் நீதிமன்றத்துக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. அரியணைக்கு உரிய இளவரசரே சாட்சிக் கூண்டில் ஏறினார். இரு தரப்பு நியாயதுரந்தரரும் அவரிடம் கேட்கத் துணியாத கேள்வியை, யூரர் ஒருவர் எழுந்து கேட்டார்: மோசடி எதையும் நீங்கள் நேரிற் கண்டீர்களா? காணவில்லை என்பது மறுமொழி. அப்படியாயின், நம்பினீர்களா? குற்றஞ் சாட்டியோர் ஒருமுகமாய்ச் சொன்னதால் நம்புவதன்றி வேறு வழியிருக்கவில்லை என்றார் இளவரசர். வழக்கு முழுவதன் சாரமும் இவ்விரு விடைகளிலும் அடங்கிவிட்டது.

யூரர் சபை 13 நிமிடங்களிலே முடிவு கூறியது. வழக்குத் தோற்றது. மறுநாளே கோர்டன் கமிங் படையிலிருந்து நீக்கப்பட்டார். உயர்குலத்தார் கதவுகள் அடைபட்டன. 1930 இல் இறக்கும்வரை அவர் தம் குற்றமின்மையை வலியுறுத்தினார். அவருக்காக வாதாடிய சேர் எட்வேட் கிளாக்கும் தம் கட்சிக்காரர் நிரபராதி என்றே பிற்காலத்திலும் எழுதினார். பத்திரத்தில் இட்ட ஒப்பமே அவருக்கு எதிராகப் பெருஞ் சான்றாய் நின்றது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1903 இல், ஆதர் கொனன் டொயில் ‘வெறுமையான வீடு’ என்ற கதையை வெளியிட்டார். அருவியில் வீழ்ந்து மாண்டதாக நம்பப்பட்ட ஷேர்லொக் ஹோம்ஸ் உயிரோடு மீளும் கதை அது. வாசகர் அந்த மீட்சியையே நினைவிற் கொள்வர். கொலைக்குக் காரணம் சீட்டாட்ட மோசடி என்பதைப் பலர் மறந்துவிடுவர். றொனல்ட் அடயர் என்னும் இளைஞர், உட்பூட்டிட்ட அறையில் சுடப்பட்டுக் கிடக்கிறார். மேசையிலே காசுகள் சிறு சிறு குவியலாய், பக்கத்தில் பெயர்களும் தொகைகளும் எழுதிய கடதாசி. தம்மோடு கூட்டாளியாய் ஆடிய கேணல் மோறன் கள்ள ஆட்டம் ஆடியதை அடயர் கண்டுபிடித்திருந்தார். கழகத்தை விட்டு விலகி, இனிச் சீட்டுத் தொடுவதில்லை என வாக்களித்தால் வெளியிடேன் என்று மோறனிடம் அவர் சொல்லியிருக்கக்கூடும் என ஹோம்ஸ் ஊகிக்கிறார். டிறன்பி குறொஃப்ற் பத்திரத்தின் நிபந்தனையும் ஏறக்குறைய இதுவே. அவ்வழக்கை டொயில் மனத்திற் கொண்டாரோ இல்லையோ, அதன் நினைவு மாறாத வாசகருக்கே அவர் எழுதினார். அந்தரங்க உடன்பாட்டின் ஆபத்தையும் அவர் நன்கு உணர்ந்திருந்தார். மெய் வழக்கில் அது குற்றஞ் சாட்டப்பட்டவரை அழித்தது. கதையிலே கண்டுபிடித்தவரைக் கொன்றது. அடயர் அக்கடதாசியில் எழுதிக்கொண்டிருந்தது, கூட்டாளியின் கள்ளத்தால் தமக்கு வந்த பணத்தில் யார் யாருக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கை.

அமெரிக்கரான பேர்சிவல் வைல்ட், 1929 இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் வேறொரு வழியைக் கண்டார். அவருடைய பில் பார்மெலி, சூதாட்டத்தை விட்டொழித்துக் கமஞ் செய்யப் போனவன்; மோசடிக்காரரைப் பிடிக்க வேண்டுமாயின் அவனைத் தேடி வருவர். கிறீனின் கமக்காரன் முயலாயிருந்தான்; மூன்று நூற்றாண்டுகளின் பின் கமக்காரனே வேட்டைக்காரன் ஆகிவிட்டான்.

இயன் பிளெமிங் 1955 இல் எழுதிய ‘மூன்றேக்கர்’ நாவலின் முற்பகுதி, டிறன்பி குறொஃப்ற்றில் நடந்திருக்க வேண்டியதை நடத்திக் காட்டுவது போன்றது. இலண்டனில் உயர்ந்தோர் கழகமொன்று. நாடே போற்றும் செல்வர் சேர் ஹியூகோ டிறாக்ஸ் அங்கே ‘பிறிட்ஜ்’ ஆட்டத்தில் ஓயாது வெல்கிறார். கழகத் தலைவருக்கு ஐயம். இம்முறை அவர் எவரிடமும் முணுமுணுக்கவில்லை, பத்திரமும் எழுதவில்லை. வித்தை தெரிந்த ஒருவனை முதலில் அழைப்பிக்கிறார். ஜேம்ஸ் போண்ட் ஒரு கள்ளச் சூதாடியிடமே பாடங் கேட்டவன். சிறிது நேரம் பார்க்கிறான். டிறாக்ஸ் சீட்டுப் பகிரும்போது, மேசைமேல் கிடக்கும் பளபளப்பான வெள்ளிச் சிகரெட் பெட்டியின்மீது ஒவ்வொரு சீட்டும் கடந்து செல்கிறது; அதன் நிழல் பெட்டியிலே தெரிகிறது. உறுதியான பின்னரே போண்ட் செயலில் இறங்குகிறான். தான் முன்கூட்டியே அடுக்கி வைத்த சீட்டுக் கட்டொன்றைக் களவாக மாற்றி, அதே மேசையில் டிறாக்ஸைத் தோற்கடிக்கிறான். தோற்ற தொகை 15,000 பவுண். டிறாக்ஸ் எழுந்து, பணத்தை விரைவிற் செலவிட்டுவிடுமாறு போண்டிடம் கூறிவிட்டு வெளியேறுகிறார். எந்தக் கடதாசியிலும் எவரும் ஒப்பமிடவில்லை.