கடலாயிருந்த பாலை

அரபு மொழியில் 'ஹூத்' எனும் சொல் பெருமீனையும் திமிங்கிலத்தையும் குறிக்கும். நபி யூனுஸ் (அலை) அவர்களின் வரலாற்றில் நாம் இளமை முதல் கேட்டுவரும் சொல் அது. அதன் பன்மையே 'ஹீத்தான்'. கெய்ரோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், வறண்ட பாலை ஒன்றுக்கு 'வாதீ அல்ஹீத்தான்' என்று பெயர். கடல்வாழ் உயிரின் பெயர் பாலைக்கு எங்ஙனம் வந்தது? அங்குள்ள சிறு நடைபாதையே விடை கூறும்.

பாதையோரப் பாறைகளின்மீது திமிங்கிலங்களின் முதுகெலும்புகள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகட்கு முன் இங்கே 'டெதிஸ்' எனும் ஆதிக்கடலின் தென்கரை இருந்தது. இறந்த திமிங்கிலங்கள் அடித்தளத்தில் அமிழ்ந்தன. வண்டலும் மணலும் அவற்றை மூடின. காலப்போக்கில் தாதுப் பொருள்கள் ஊறி எலும்புகள் கல்லாயின. கடல் வடக்கே பின்வாங்கிய பின்னர் காற்று மேலிருந்த பாறையைச் சிறிது சிறிதாக அரித்து அவற்றை வெளிக்கொணர்ந்தது. வெளிவந்த எலும்புகளை அதே காற்று இன்று தேய்த்தும் வருகிறது. அருகே அலையாத்தி வகை மரங்களின் வேர்களும் கல்லுருவில் காணப்படுகின்றன. ஆழமற்ற கரைக்கடல் இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. (அடியிலுள்ள பாறையடுக்குக்கு நிலவியலார் இட்ட பெயர் 'கெஹன்னம்'. நம் 'ஜஹன்னம்' என்ற சொல்லே எகிப்தியர் நாவில் இவ்வாறு ஒலிக்கிறது!)

1902-03 குளிர்காலத்தில் பீட்னெல் எனும் ஆங்கில நிலவியலார் இவ்வெலும்புகளை முதலில் கண்டார். இவற்றுள் பெரியதான 'பஸிலோஸாரஸ்' ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடையது. அப்பெயரின் பொருள் 'பல்லியரசன்'. 1834இல் அமெரிக்காவில் கிடைத்த எலும்பைப் பார்த்து, ஊர்வன இனம் என்று கருதி இட்ட பெயர் அது. இவ்வளவு பெரிய உடலில் மிகச் சிறிய பின்னங்கால்களும் விரல்களும் இருந்தன என்பதைக் கிங்கரிச் முதலிய அமெரிக்க ஆய்வாளர் 1990இல் வெளியிட்டனர். நீந்தவோ நடக்கவோ அக்கால்கள் பயன்பட்டிரா. திமிங்கிலத்தின் மூதாதையர் நிலத்தில் நடந்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் அரிது.

மேலைநாட்டார் சொல்லித்தான் பாலை கடலாயிருந்ததை நாம் அறிந்தோம் என்போர் உளர். அவ்வாறன்று. அரபுப் பாலை முன்னொரு காலத்தில் கடலாயிருந்தது என்று அல்பிரூனி 11ஆம் நூற்றாண்டிலேயே 'தஹ்தீத்' என்ற நூலில் எழுதினார். கிணறு தோண்டுகையில் தென்படும் மண்ணடுக்குகளையும் சிப்பிகளையும் அவர் சான்றாகக் கொண்டார். அவர் காலத்தவரான இப்னு ஸீனாவும் 'ஷிஃபா'வில், கல்லுக்குள் காணும் கடலுயிர்களைக் கொண்டு அந்நிலம் நீருள் இருந்ததை உய்த்துணர்ந்தார். அந்த ஆராய்ச்சி மரபை நடுவே கைவிட்டது யார் குற்றம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2005இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக்கியது. 2016இல் அங்கேயே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. 2023இல் ஃபய்யூம் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ இரண்டரை மீட்டரே நீளமுள்ள மற்றொரு பழந்திமிங்கிலத்துக்கு 'தூத்ஸீட்டஸ்' என்று பெயர் சூட்டியோர் மன்ஸூரா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எகிப்திய அறிஞர்களே.